நிழல் விழும் பக்கம்: புத்தளக் கரையும் திசையறிவும்

வில்பத்துக் காடு கடலைத் தொடும் இடத்தில் செம்மண் மேடாக எழுந்து நிற்பது குதிரைமலை. புத்தளம் மாவட்டத்தின் வடகோடியில், கற்பிட்டித் தீபகற்பத்துக்கும் வடக்கே, கடலுள் நீட்டி நிற்கும் முனை அது. இன்று அங்கே துறைமுகமும் இல்லை, ஊரும் இல்லை. ஆயினும் உரோம ஆசிரியர் பிளினி 'இப்புரோஸ்' என்று குறித்த துறை இதுவே என அறிஞர் பலர் கருதுவர். குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அப்பெயரின் முதற்பகுதியில் இருத்தல் இக்கருத்துக்கு ஓர் ஆதாரமாகும்.

பிளினி கூறும் செய்தி நெடியதன்று. செங்கடற் பகுதியில் அரசிறை தண்டும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவன் அன்னியஸ் புளோக்காமஸ். அவனிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன் அராபியாவைச் சுற்றிக் கடலோடுகையில் வடகாற்றினால் அள்ளுண்டு, பதினைந்தாம் நாளில் இப்புரோஸ் துறையை அடைந்தான். தப்பிரபேன் என அக்காலத்து மேனாட்டார் அழைத்த இலங்கையின் மன்னன் அவனை விருந்தோம்பினான். ஆறு மாதத்தில் நாட்டு மொழியைக் கற்ற அவன் தன் நாட்டு நடப்புகளை அரசனுக்கு எடுத்துரைத்தான். வெவ்வேறு பேரரசரின் உருவங்கள் பொறித்த வெள்ளிக் காசுகள் யாவும் ஒரே நிறையினவாக இருக்கக் கண்ட அரசன், உரோமரின் நேர்மையை மெச்சி நால்வரைத் தூதாக அனுப்பினான். கிளோடியஸ் பேரரசன் ஆண்ட காலத்தில், அஃதாவது கி.பி. 41க்கும் 54க்கும் இடையில், அத்தூதர் உரோமாபுரியை அடைந்தனர். புளோக்காமஸ் கற்பனை மனிதன் அல்லன். எகிப்தியப் பாலைவனத்தில், செங்கடற் துறையாகிய பெரனிக்கேக்குச் செல்லும் வழியிலுள்ள பாறை ஒன்றில், அவனுடைய அடிமை ஒருவன் கி.பி. 6ஆம் ஆண்டு யூலை மாதத்தில் பொறித்த கல்வெட்டு கிடைத்துள்ளது. 1953ஆம் ஆண்டில் அது வெளியிடப்பட்டது.

அரச தூதர் அயல்நாட்டில் எதைக் கண்டு வியந்தனர்? மாளிகைகளையும் படைகளையும் பற்றிப் பிளினி இவ்விடத்திற் பேசவில்லை. தங்கள் நிழல் விழுந்த பக்கத்தைக் கண்டு அவர்கள் வியந்தனர் என்கிறார். தங்கள் நாட்டில் விழுவதற்கு மாறாக நிழல் வடக்கே விழுகின்றது என்றும், ஞாயிறு இடப்பக்கம் எழுந்து வலப்பக்கம் மறைகின்றது என்றும், தங்கள் நாட்டில் அது வலப்பக்கம் எழுந்து இடப்பக்கம் மறையும் என்றும் அவர்கள் கூறினராம். இலங்கை வேறொரு உலகம் என்று நெடுங்காலம் எண்ணிவந்த உரோமருக்கு இச்செய்தி அவ்வெண்ணத்தை உறுதிப்படுத்துவது போலத் தோன்றியிருத்தல் கூடும்.

ஞாயிறு எங்கும் கிழக்கிலேயே எழுகின்றது. அங்ஙனமாகவும் ஒரு நாட்டில் இடப்பக்கமும் மற்றொரு நாட்டில் வலப்பக்கமும் எழுவது எங்ஙனம்? விடை ஞாயிற்றில் இல்லை. நோக்குபவனின் முகத்தில் இருக்கின்றது. உரோமாபுரியில் ஆண்டு முழுவதும் நண்பகல் ஞாயிறு தென்வானில் நிற்கும். அதனை நோக்கி நிற்பவன் தெற்கே முகம் வைத்தவனாவான். அவனுக்குக் கிழக்கு இடக்கைப் பக்கம் அமையும். குதிரைமலையோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகை அளவிலேயே உள்ளது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் அங்கே நண்பகல் ஞாயிறு நேர் உச்சியில் நிற்க, நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். அதன்பின் ஆவணி நடுவரை ஏறத்தாழ நான்கரை மாதம் ஞாயிறு உச்சிக்கு வடபால் நிற்கும். நிழல் தெற்கே விழும். அப்பொழுது நண்பகல் ஞாயிற்றை நோக்கி நிற்பவன் வடக்கே முகம் வைத்தவனாவான். கிழக்கு அவனது வலக்கைப் பக்கம் வரும்.

எனவே தூதர் கூற்று பொய்யன்று, முழுவுண்மையும் அன்று. ஆண்டின் எஞ்சிய ஏழரை மாதங்களில் இலங்கையிலும் நிழல் உரோமாபுரியிற் போலவே வடக்கே விழும். இதே பகுதியிற் பிளினி தரும் வேறு சில செய்திகள் இதனினும் ஐயத்துக்குரியன. கார்த்திகை மீன் கூட்டத்தை அவர்கள் உரோமாபுரியில் புதுமையாகக் கண்டனர் என்கிறார். கார்த்திகையோ இலங்கை வானில் உச்சிக்கு அருகே ஏறி நிற்பது. எழுமீன் தொகுதி அங்கே தோன்றுவதில்லை என்கிறார். வடவானில் தாழ்ந்து நிற்பினும், ஆண்டின் ஒரு பகுதியில் புத்தளக் கரையிலிருந்து அதனைக் காணலாம். அகத்திய மீன் அவர்கள் இரவுகளில் ஒளிர்கின்றது என்ற செய்தி மட்டும் முற்றிலும் பொருந்தும். உரோமாபுரியின் அடிவானத்துக்கு மேல் அம்மீன் எழுவதே இல்லை. மொழிபெயர்ப்போரும் படியெடுத்தோரும் வானநூலைத் தம் விருப்பப்படி விளங்கிக்கொண்டோரும் இடையில் நின்று இச்செய்திகளைக் கலக்கியிருத்தல் வேண்டும். ஆனால் நிழலைப் பற்றிய கூற்றில் மெய்யான அனுபவத்தின் சாயல் இருக்கின்றது. வலமும் இடமும் தாமாக நிற்பவை அல்ல. முகம் எங்கே நோக்குகின்றது என்பதை முதலில் தீர்மானித்த பின்னரே அவை பொருள் பெறும். இவ்வுண்மை தெரியாமலே பதிவாகிய பழைய சான்றுகளுள் ஒன்றாக இப்பகுதியைக் கொள்ளலாம்.

ஒரு பொருள் எங்கே இருக்கின்றது என்று கூறுவதற்கு மனிதனிடம் மூன்று வழிகள் உள்ளன என்பர் இக்கால ஆய்வாளர். முதலாவது, பொருளின் சொந்த முகத்தைக் கொண்டு கூறுதல். தோணிக்கு அணியம் உண்டு. கோயிலுக்கு வாசல் உண்டு. தோணி எங்கே திரும்பினும் அணியம் அணியமே. இரண்டாவது, கூறுபவன் தன் உடலை அளவாக வைத்துக் கூறுதல். பனைக்கு இடப்பக்கம் கிணறு என்பது அத்தகையது. பனைக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. நோக்குபவன் தன் கைகளை அதற்குக் கடன் கொடுக்கின்றான். அவன் மறுபுறம் சென்று நின்றால் கிணறு வலப்பக்கம் ஆகிவிடும். மூன்றாவது, உலகின் நிலையான திசைகளைக் கொண்டு கூறுதல். பனைக்கு வடக்கே கிணறு என்றால், யார் எங்கே நின்று நோக்கினும் அக்கூற்று மாறாது. இவற்றை முறையே பொருள்வழி, உடல்வழி, உலகுவழி என்று வழங்கலாம்.

இம்மூன்றும் ஒருங்கே வழங்கும் கரையாகப் புத்தளக் கரையைக் கூறலாம். தமிழும் சிங்களமும் இங்கே அடுத்தடுத்து ஒலிக்கின்றன. அரபு பள்ளிவாசலிலும் மதரசாவிலும் ஓதப்படுகின்றது. இம்மொழிகள் திசைக்குப் பெயரிட்ட முறை ஒன்றற்கொன்று வேறானது. வடமொழியில் 'தட்சிணம்' என்பது வலப்பக்கத்தையும் தெற்கையும் ஒருங்கே குறிக்கும். 'பூர்வம்' முன்புறத்தையும் கிழக்கையும் குறிக்கும். கிழக்கு நோக்கி நிற்பவனின் உடலிலிருந்து பிறந்த பெயர்கள் இவை. வடமொழிச் சொல்லின் வழிவந்த 'தகுண' என்ற சிங்களச் சொல்லும் இன்றுவரை தெற்கு, வலம் ஆகிய இரண்டையும் உணர்த்துகின்றது. அரபு மொழியிலும் வலக்கையைக் குறிக்கும் 'யமீன்' என்ற சொல்லும், அராபியாவின் தென்பகுதியாகிய யமன் நாட்டின் பெயரும் ஒரே வேரின. அங்கும் கிழக்கு நோக்கி நின்ற மனிதனே அளவுகோல்.

தமிழ் வேறு வழி சென்றது. குணக்கு, குடக்கு என்ற பழஞ்சொற்களோடு கிழக்கு, மேற்கு என்ற சொற்களும் அதில் வழங்கின. பின்னிரண்டுமே இன்று நிலைத்தன. கிழக்கு என்பது கீழ்ப்புறம். மேற்கு என்பது மேற்புறம். மேற்கே மலை உயர்ந்து கிழக்கே கடலை நோக்கிச் சரியும் தமிழ்நாட்டு நிலமே இப்பெயர்களைத் தந்தது. உடலையும் ஞாயிற்றையும் விட்டு, நீர் ஓடும் சரிவைக் கொண்டு திசைக்குப் பெயரிட்டனர் தமிழர்.

இச்சொற்கள் புத்தளக் கரையில் வழங்கும்போது நிலம் அவற்றுக்கு நேர்மாறாக அமைந்திருப்பது நோக்கத்தக்கது. இங்கே உயர்நிலம் கிழக்கில் உள்ளது. தெதுறு ஓயா, மீ ஓயா, கலா ஓயா ஆகிய ஆறுகள் யாவும் கிழக்கிலிருந்து இறங்கி மேற்கு நோக்கி ஓடிக் கடலையோ களப்பையோ அடைகின்றன. கடலே மேற்கு, அதுவே தாழ்ந்த பக்கம். இருந்தும் தாழ்ந்த கடலை மேற்கு என்றும் உயர்ந்த நிலத்தைக் கிழக்கு என்றும் இங்குள்ள தமிழ் மக்கள் எவ்விதத் தடுமாற்றமும் இன்றி வழங்குகின்றனர். 1845ஆம் ஆண்டில் உருவாகிய வடமேல் மாகாணத்தின் பெயரிலும் அந்த 'மேல்' ஒட்டிக்கொண்டிருக்கின்றது. கடல்மட்டத்தில் கிடக்கும் புத்தளம் அம்மாகாணத்தைச் சேர்ந்ததே.

மலையாளத்திலும் இத்தகைய முரண் உண்டு. மலை எழுந்து நிற்கும் கிழக்குத் திசையை மலையாளிகள் கிழக்கு என்றே அழைப்பர். 1856இல் வெளிவந்த தமது ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல் இதனை எடுத்துக்காட்டி, மலையாள மொழி மலைக்குக் கிழக்கேயிருந்து சென்றது என்பதற்குச் சான்றாக்கினார். புத்தளத்திலும் அதேபோல ஒரு முடிவுக்குத் தாவிவிடலாகாது. சொல்லின் பயணம் வேறு. அதைப் பேசுவோரின் குலவரலாறு வேறு. வணிகத்தாலும் மணவுறவாலும் சமயத்தாலும் ஒரு மொழி பரவலாம். இச்சொற்கள் நிறுவுவது இவ்வளவே: ஒரு நிலத்தின் சரிவில் பிறந்த பெயர், அச்சரிவை மறந்து தூய திசைப்பெயராக முதிர்ந்துவிட்டது. பொருள் மங்கினாலன்றி இத்தகைய சொல் புதிய கரையிற் பயன்படாது.

ஏன் பயன்பட வேண்டும்? கடற்புறம், காட்டுப்புறம் என்று கூறினாற் போதாதா? கற்பிட்டித் தீபகற்பம் இவ்வினாவுக்கு விடை தருகின்றது. வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் அம்மணற்றரைக்கு மேற்கே பெருங்கடல், கிழக்கே களப்பு. களப்புக்கு அக்கரையில் புத்தளம் நகரம். கற்பிட்டியில் வாழ்பவனுக்குக் களப்புப்புறம் என்பது கிழக்கு. புத்தளம் நகரத்தானுக்கு அதுவே மேற்கு. இருவரும் களப்பின் நடுவே தோணியிற் சந்தித்து, 'களப்புப்புறமாகச் செல்' என்றால் அவ்வுரை பயனற்றது. கரையை அளவாக்கினால் எந்தக் கரை என்ற வினா எழும். ஆகவே நீரின்மேற் செல்வோர்க்குக் கரையைச் சாராத திசைச்சொல் இன்றியமையாததாகின்றது.

மேற்குக் கரை மீனவரின் பருவப் பெயர்ச்சியும் இதனையே உணர்த்தும். தென்மேல் பருவக்காற்று மேற்குக் கடலைக் கலக்கும் மாதங்களில் அவர்களுட் பலர் கிழக்குக் கரைக்குச் சென்று வாடி அமைத்துத் தொழில் செய்வது பழைய வழக்கம். மேற்கே கடலை வைத்து வளர்ந்தவன் அங்கே கிழக்கே கடலைக் காண்கின்றான். கடலை முகமாக வைத்து வலம், இடம் என்று பழகியவனுக்கு வடக்கு இங்கே வலக்கைப் பக்கம். அங்கே இடக்கைப் பக்கம். உலகுவழித் திசையை மனத்திற் கொண்டவனுக்கோ எந்த மாற்றமும் இல்லை. காற்றுகளுக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று தனித்தனிப் பெயர் இட்டிருப்பதும் இத்தேவையை நிறைவேற்றுகின்றது. முகத்திற் படும் காற்றின் பெயரை அறிந்தவன், விண்மீன் தோன்றா இரவிலும் திசையை ஒருவாறு அறிவான்.

கரைவலைத் தொழிலிலும் இதனைக் காணலாம். வலையின் இரு கயிறுகளை இரண்டு கூட்டத்தார் கரையில் நின்று இழுப்பர். கடலை நோக்கி நிற்பவரும் உண்டு. கயிற்றைத் தோளில் இட்டுக் கடலுக்கு முதுகுகாட்டி நடப்பவரும் உண்டு. 'வலப்பக்கக் கயிற்றைத் தளர்த்து' என்று ஒருவன் கூவினால், யாருடைய வலம் என்பது விளங்காது. வடக்குக் கயிறு, தெற்குக் கயிறு என்றால் அனைவர்க்கும் ஒரே பொருள்தான்.

இனி, பொருள்வழி அறிவு கடலில் தேவையற்றது எனக் கருதலாகாது. கரையிலுள்ள இரு அடையாளங்கள், சான்றாக ஒரு கோபுரமும் அதன் பின்னுள்ள ஒரு நெடுமரமும், ஒரே நேர்கோட்டில் வரும்போது ஒரு வரி அமைகின்றது. வேறு இரண்டு அடையாளங்கள் நேர்படும்போது இன்னொரு வரி அமைகின்றது. இரு வரிகளும் வெட்டும் இடத்தில், நீருக்கு அடியில் கண்ணுக்குப் புலனாகாத பார் கிடக்கின்றது. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களுக்கும் மீன்பார்களுக்கும் வழி கண்ட பழைய கணக்கு இதுவே. தூரத்து மலையுச்சியும் அங்ஙனமே உதவியது. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபுனு பத்தூதா, பாவாத மலையைக் கடலில் ஒன்பது நாட் பயணத் தொலைவிலிருந்தே புகைத்தூண் போலக் கண்டதாக எழுதியுள்ளார். அவர் இறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த 'பத்தாலா' என்னும் இடம் புத்தளமே என்பது பலர் கொள்கை.

கரையே தோன்றாத நடுக்கடலில் என் செய்வது? தப்பிரபேன் மாலுமிகள் விண்மீன்களை நோக்குவதில்லை என்றும், பறவைகளைக் கொண்டுசென்று இடையிடையே பறக்கவிட்டு, அவை நிலத்தை நாடிச் செல்லும் வழியைப் பின்பற்றுவர் என்றும் பிளினி கூறுகிறார். இதனை அறியாமையின் அடையாளமாக எடுத்துக்கொண்டோர் உளர். பாளி நூல்களை நோக்கின் உண்மை விளங்கும். தீக நிகாயத்தின் கேவட்ட சூத்திரத்தில், கரை காணும் பறவையை உடன்கொண்ட வணிகர் உவமையாக வருகின்றனர். விடுத்த பறவை நாற்றிசையும் மேலும் பறந்து, நிலம் கண்டால் அங்கே செல்லும், காணாவிடின் மரக்கலத்துக்கே மீளும். பாவேரு சாதகக் கதையில் திசைக்காக்கை வருகின்றது. ஆகவே இஃது இந்துமாக் கடலில் பரவலாக வழங்கிய ஒரு முறை. அதன் நுட்பமும் எண்ணத்தக்கது. பாய்மரத்தின் உயரத்திலிருந்து மனிதன் காணாததைப் பல மடங்கு உயரத்திலிருந்து பறவை காண்கின்றது. மாலுமி தன் உடலின் எல்லையைக் கடந்து, வேறோர் உயிரின் கண்ணைக் கொண்டு நிலத்தின் இருப்பை அறிகின்றான். பறவை திரும்பி வருவதும் ஒரு செய்தியே. அண்மையில் நிலம் இல்லை என்பது அதன் பொருள்.

வழிபாட்டிலும் திசையறிவு வேரூன்றியுள்ளது. சிலாபத்தை அடுத்த முன்னேசுவரத்திலும் உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலிலும் அடியார் வலம் வருவர். வலம் வருதல் என்பது தெய்வத்தைத் தன் வலக்கைப் பக்கத்தே வைத்துச் சுற்றுதல். உடலின் ஒரு பக்கம் தெய்வத்தோடு பிணைக்கப்பட, நடப்பவன் நாற்றிசையையும் ஒழுங்காகக் கடந்து மீள்கின்றான். தொழுகையில் முன்னோக்கும் கிப்லாவோ இன்னொரு வகையது. அது தொழுபவனின் உடலையும் சாராது. கிழக்கு, மேற்கு என்ற பொதுத்திசையும் அன்று. உலகிலுள்ள ஓர் இடத்தை நோக்கிய கோடு அது. புத்தளத்தில் அக்கோடு மேற்கிலிருந்து சற்று வடக்கே சாயும். கற்பிட்டியில் தொழுபவர் கடலை நோக்கியே நிற்பர். உரோமாபுரியில் நிற்பவருக்கோ அது தென்கிழக்காகும். ஒரே இடத்தை நோக்கும் முகங்கள் ஊருக்கு ஊர் வெவ்வேறு திசை காட்டுகின்றன.

ஆட்சியாளரும் தமக்குரிய திசைக்கணக்கை வைத்திருந்தனர். சோழர் காலச் சாசனங்கள் கொடை நிலத்தைக் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று நாற்புறமும் வரையறுத்தன. ஒல்லாந்தர் தோம்புகளில் காணியையும் குடியையும் பதிந்தனர். 1800ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் நில அளவைத் திணைக்களத்தை நிறுவினர். உறுதிகளில் கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என எல்லை எழுதும் வழக்கம் இன்றும் உண்டு. இவ்வெழுத்துகளில் வலமும் இடமும் வருவதில்லை. எழுதியவன் மறைந்த பின்னும் எல்லை நிற்க வேண்டும் அல்லவா?

கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் வெளியிட்ட 'சிலோன் கசற்றியர்' இவ்வரலாற்றில் ஒரு புதுமை. பின்னாளில், 1859இல், தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் 'தமிழ் புளூட்டாக்' என்ற ஆங்கில நூலாகத் தந்தவரும் அவரே. கசற்றியரில் இலங்கையின் ஊர்களும் ஆறுகளும் துறைகளும் அகரவரிசையில் நிற்கின்றன. நிலத்தில் அடுத்தடுத்திருப்பவை நூலில் விலகி நிற்கும். நூறு கல் தொலைவிலுள்ளவை ஒரே பக்கத்தில் அமரும். நடந்து செல்பவனின் மனத்திலுள்ள ஒழுங்கைத் துறந்து, தேடுபவனின் வசதிக்காக இடங்களை அடுக்கும் முறை இது. கரையோரத்தில் வளர்ந்த ஒருவரே இதனை நாட்டுக்குச் செய்து தந்தார் என்பது பெருமைக்குரியது.

மேனாட்டுச் சிந்தனையாளர் நெடுங்காலம் உடல்வழியையே அடிப்படையாகக் கொண்டனர். செருமானியத் தத்துவஞானி கான்ட் 1768இல் எழுதிய கட்டுரையில், விண்மீன் படம் எத்துணைத் திருத்தமாயினும், அதனைத் தன் வலக்கை இடக்கையோடு பொருத்தி அறியாதவனுக்கு ஞாயிறு எப்பக்கம் எழும் என்பது புலனாகாது என்று வாதித்தார். 1948இல் அமெரிக்க உளநூலறிஞர் டோல்மன், வழி தேடும் எலிகளை ஆராய்ந்து, அவை வலம் இடம் திரும்பும் பழக்கத்தை மட்டுமன்றி இடத்தின் படம் போன்ற ஓர் அறிவையும் மனத்திற் கொள்கின்றன எனக் கூறினார். 1971இல் ஜோன் ஓ'கீஃப் என்பவரும் அவருடன் பணியாற்றியவரும், எலி ஒரு குறித்த இடத்தை அடையும்போது மட்டும் கிளர்ச்சியுறும் நரம்புக்கலங்களை மூளையிற் கண்டனர். 2005இல் நோர்வேயில் மோசர் தம்பதியினரின் ஆய்வுக்குழு, இடப்பரப்பை ஒழுங்கான வலைக்கட்டம் போல அளக்கும் கலங்களைக் கண்டது. இம்மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மொழிக்கும் இதற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தோர் தமிழையும் எடுத்துக்கொண்டனர். நெதர்லாந்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஸ்டீபன் லெவின்சன் வழிநடத்திய ஆய்வுகளின் பகுதியாக, எரிக் பீடர்சன் தமிழ்நாட்டில் நிகழ்த்திய ஆய்வு 1995இல் வெளிவந்தது. நாட்டுப்புறத் தமிழர் மேசைமேல் இருக்கும் சிறு பொருளைக்கூட வடக்கே, தெற்கே என்று சுட்டும் இயல்பினர் என்றும், நகரத்தார் வலம், இடம் என்று கூறும் இயல்பினர் என்றும் அவர் கண்டார். பொருள்களை ஒரு மேசையிற் காட்டி, பின்னர் ஆளைத் திருப்பி மறுமேசையில் அதே வண்ணம் அடுக்கச் சொல்வது இத்தகைய ஆய்வின் முறை. உலகுவழியினர் வடக்கை வடக்காகவே வைப்பர். உடல்வழியினர் வலத்தை வலமாக வைப்பர். பேச்சு எவ்வழியோ நினைவும் பெரும்பாலும் அவ்வழியே சென்றது. இம்முடிவை அனைவரும் ஏற்றனர் என்பதற்கில்லை. பெகி லீ, லைலா கிளைற்மன் ஆகியோர் 2002இல், சூழலில் உள்ள அடையாளங்களை மாற்றினால் ஒரே மொழியினரும் வெவ்வேறு வழியில் அடுக்குவர் என்று காட்டி மறுத்தனர். மொழி மனத்தை ஆளுகின்றதா, வாழும் நிலமும் தொழிலும் இரண்டையும் ஆளுகின்றனவா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஒரே தமிழைப் பேசுவோரிடையே நாட்டுப்புறத்தாரும் நகரத்தாரும் வேறுபட்டனர் என்பது, தொழிலுக்கும் நிலத்துக்கும் பெரும்பங்கு உண்டு என்பதற்கு இடம் தருகின்றது. சோற்றுக்கை எதுவெனக் குழந்தைக்குக் கற்பிப்பது போலவே, வடக்கு எதுவெனவும் ஒரு சமூகம் கற்பிக்கின்றது. கற்பிப்பதை நிறுத்தினால் அவ்வறிவும் நின்றுவிடும்.

இவ்வறிவு ஏட்டுச் சுவைக்கு மட்டும் உரியதன்று. 1976 மார்ச்சு 23ஆம் நாள் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்படிக்கை, மன்னார் வளைகுடாவில் இரு நாட்டுக் கடல்களையும் ஒரு கோட்டினாற் பிரித்தது. அகலக்கோடு, நெடுங்கோடு என்ற எண்களால் மட்டுமே அக்கோடு அறியப்படும். அதற்குக் கல்லும் இல்லை, வேலியும் இல்லை. காற்றும் மீனும் அதனை அறியா. கோபுரத்தையும் மரத்தையும் நேர்படுத்தித் தன் இடத்தை அறிந்தவனுக்கு, அடையாளம் யாவும் மறைந்த நடுக்கடலில் கிடக்கும் இக்கோடு புதியதொரு பொருள். அதனைக் கடந்தால் சிறையும் தோணி இழப்பும் நேரலாம். செய்மதி உதவியால் இடம் காட்டும் கருவி தோணிக்குத் தேவையானதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. கருவி எண்ணைக் காட்டும். காற்று மாறியதையும் நீரோட்டம் இழுப்பதையும் கண்டு கரைக்கு மீளும் வழியை முடிவு செய்ய வேண்டியவன் இன்னும் மனிதனே.

திசைச்சொல் துயரத்தின் பெயராகவும் மாறுவதுண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை அவர்தம் ஊர்களிலிருந்து வெளியேற்றினர். வெளியேற்றப்பட்டோர் 70,000க்கும் மேற்பட்டோர் என மதிப்பிடப்படுகின்றது. அவர்களுட் பெரும்பகுதியினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் அடைக்கலம் புகுந்தனர். அவர்கள் 'வடக்கு முஸ்லிம்கள்' எனப் பெயர் பெற்றனர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவிலும் வாழ்ந்த காலத்தில், வடக்கு அவர்களுக்கு வீட்டின் ஒரு புறம், வளவின் ஓர் எல்லை, அவ்வளவே. புத்தளத்தில் அது முழு ஊராயிற்று. விட்டுவந்த கிணறும் பள்ளிவாசலும் அடக்கத்தலமும் அச்சொல்லுக்குள் அடங்கின. முகாமிற் பிறந்த பிள்ளைகளும் தாம் காணாத அத்திசையைத் தம் ஊர் என்று கற்றனர். போர் 2009இல் முடிந்தபின் சிலர் மீண்டனர். சிலர் இங்கும் அங்குமாக வாழ்கின்றனர். பலர் புத்தளத்திலேயே வேர்கொண்டனர். மூத்தோருக்கு வடக்கும் அவர்தம் பேரருக்குப் புத்தளமும் ஊராக நிற்கும் குடும்பங்களில், 'வீடு எப்பக்கம்' என்ற எளிய வினாவுக்கு இரண்டு விடைகள் உண்டு. இரண்டும் மெய்யானவை.

குதிரைமலைத் துறையிலிருந்து சென்ற நால்வர், தாம் நிற்கும் நிலம் மாறியதைத் தம் நிழலைக் கொண்டு அறிந்தனர். அவர்தம் சொல்லைக் கேட்டெழுதியோர், அவர்கள் முகம் எத்திசை நோக்கி நின்றது என்பதை வினவாது விட்டமையால் இலங்கை தலைகீழான உலகமாகக் காட்சியளித்தது. பிற மக்கள் கூறும் வலத்தையும் இடத்தையும், மேலையும் கீழையும் கேட்கும்போது, அவர்கள் எங்கே நின்று எதனை நோக்குகின்றனர் என்பதை முதலில் உசாவுதல் வேண்டும். மூன்று மொழிகளும் பல சமயங்களும் ஒரே களப்பின் இரு கரைகளில் வாழும் புத்தளத்தில் அவ்வாறு உசாவாமல் அயலவனோடு ஒரு தோணியைக்கூடக் கரை சேர்த்தல் இயலாது.